சப்போர்ட்டட் லிவிங் வீட்டில் பொதுப் பொருள்களின் செலவு: எந்த ஏற்பாடு யாருக்குப் பொருந்தும்?

இங்கிலாந்தில் கற்றல் குறைபாடு, ஆட்டிசம், நீண்டகால மனநலப் பாதிப்பு ஆகியவற்றுடன் வாழும் பெரியவர்கள் பெற்றோர் வீட்டைவிட்டுத் தனியே வாழ முடிவெடுக்கும்போது, பராமரிப்பு இல்லத்துக்குச் செல்வதா, சப்போர்ட்டட் லிவிங் எனப்படும் ஆதரவு வீடுகளில் குடியேறுவதா என்ற கேள்வி முதலில் எழுகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பராமரிப்பின் அளவில் மட்டும் இல்லை. பணம் யார் கையில் இருக்கிறது என்பதிலும் இருக்கிறது. பராமரிப்பு இல்லத்தில் கட்டில் முதல் கரண்டி வரை இல்லத்தின் பொறுப்பு. குடியிருப்பவரின் வருமானத்தில் பெரும்பகுதி கட்டணமாகப் போய்விட, சிறு கைச்செலவுத் தொகை மட்டுமே அவரிடம் மிஞ்சும். ஆதரவு வீட்டிலோ அவர் சட்டப்படி வாடகைதாரர். வீடு, குறைந்த வாடகை வீடுகளை நடத்தும் லாப நோக்கற்ற அமைப்பான ஒரு ஹவுசிங் அசோசியேஷனுக்கோ தனியாருக்கோ சொந்தமாக இருக்கும். பராமரிப்பை வேறொரு நிறுவனம், உள்ளாட்சி அமைப்பான கவுன்சிலின் பணத்தில் வழங்கும். வாடகையைப் பெரும்பாலும் அதற்கான அரசு உதவியான ஹவுசிங் பெனிஃபிட் ஏற்கும். இயலாமையால் வரும் கூடுதல் செலவுக்கான பிப், வருமானம் குறைந்தவர்களுக்கான யுனிவர்சல் கிரெடிட் போன்ற உதவித்தொகைகள் அவருடைய கணக்கிலேயே வந்து சேரும். மின்கட்டணம், உணவு, வாஷிங் மெஷின் ஆகியவையும் அவருடைய பொறுப்பாகவே வந்து சேரும்.

மூன்று அல்லது நான்கு பேர் ஒரு வீட்டைப் பகிர்ந்துகொள்ளும்போது, பொதுவாகப் பயன்படும் பொருள்களுக்கு யார், எவ்வளவு, எந்த வழியில் செலுத்துவது என்பதற்கு ஒரே விதி எங்கும் எழுதப்படவில்லை. ஒவ்வொரு வீடும் ஒரு வழக்கத்தை உருவாக்கிக்கொள்கிறது; அந்த வழக்கம் பல நேரங்களில் யாரும் யோசித்து முடிவெடுத்ததாக இருப்பதில்லை. லண்டனில் ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங் போன்ற பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் இத்தகைய வீடுகளுக்கு மகனையோ மகளையோ அனுப்பியவர்கள் இருக்கிறார்கள். என் தம்பி அப்படியொரு வீட்டில் மேலும் இருவருடன் வாழ்கிறான். அவனுடைய உதவித்தொகைகளை நிர்வகிக்கும் அப்பாயின்டீ நான். செலவை எப்படிப் பிரிப்பது என்பதற்கு முன்பாக, வாங்கிய பொருள் யாருடைய உடைமை, ஒருவர் வீட்டைவிட்டுப் போகும்போது அது என்ன ஆகும் என்ற இரண்டையும் தீர்மானித்துவிட வேண்டும் என்பதே இந்தப் பொறுப்பிலிருந்து நான் வந்தடைந்த முடிவு. கீழே வரும் ஏற்பாடுகளை அந்தக் கண்ணோடுதான் ஒப்பிட்டிருக்கிறேன்.

எவை பொதுச் செலவே அல்ல

பிரிப்பதற்கு முன், பட்டியலிலிருந்து நீக்க வேண்டியவற்றை நீக்கிவிட வேண்டும். இந்த ஒரு வேலையைச் செய்தாலே பல வீடுகளில் சச்சரவின் பாதி தீர்ந்துவிடும்.

முதலாவது, வீட்டு உரிமையாளரின் சட்டக் கடமை. 1985-ஆம் ஆண்டின் லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, கட்டடத்தின் அமைப்பையும் வெளிப்புறத்தையும், தண்ணீர், எரிவாயு, மின்சார இணைப்புகளையும், கழிவறை, குளியல் தொட்டி, கைகழுவும் தொட்டி போன்றவற்றையும், அறைகளையும் தண்ணீரையும் சூடாக்கும் அமைப்புகளையும் பழுதுபார்த்து வைத்திருக்கும் பொறுப்பை உரிமையாளர் மேல் சுமத்துகிறது. பாய்லர் பழுதானால் குடியிருப்பவர்களிடம் ஒரு பென்னிகூடக் கேட்க முடியாது. ஆனால் அதே பிரிவு, மின்சாரத்தையும் எரிவாயுவையும் தண்ணீரையும் பயன்படுத்தும் சாதனங்களை, அதாவது அடுப்பு, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் போன்றவற்றை, இந்தக் கடமையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. உரிமையாளர் அவற்றைத் தருவதாக வாடகை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் மட்டுமே அவருடைய பொறுப்பு. ஆகவே ஒப்பந்தத்தோடு இணைக்கப்பட்ட பொருள் பட்டியலைத் தேடி எடுத்து வாசிப்பது முதல் வேலை.

இரண்டாவது, ஊழியர்களுக்கானவை. இரவில் தங்கும் சப்போர்ட் வொர்க்கருக்கான கட்டில், அலுவலக மேசை, பிரிண்டர், கோப்பு அலமாரி, கையுறைகள் ஆகியவை பராமரிப்பு நிறுவனத்தின் தொழிற்செலவு. இதில் யாருக்கும் பெரிய ஐயம் வருவதில்லை. ஐயம் வருவது தேநீர்த்தூள், பால், கழிவறைக் காகிதம், பிராட்பேண்ட் ஆகியவற்றில்தான். 24 மணி நேரமும் ஊழியர் இருக்கும் ஒரு வீட்டில், ஒரு நாளில் தேநீர் அருந்துபவர்களில் பாதிப்பேர் ஊழியர்களாக இருக்கக்கூடும். பராமரிப்புக் குறிப்புகளை இப்போது கைப்பேசிச் செயலியில் பதிவுசெய்கிறார்கள். அதற்கு வீட்டின் வைஃபையே பயன்படுகிறது. அப்படியானால் பிராட்பேண்ட் கட்டணத்தில் நிறுவனமும் ஒரு பங்கு செலுத்துவதே நியாயம். மூன்று குடியிருப்பாளர்கள் இருந்தால் நிறுவனத்தை நான்காவது பங்காளியாக எண்ணிக் கட்டணத்தை நான்காகப் பிரிக்கக் கேட்கலாம். எழுத்தில் கேட்டால் பல நிறுவனங்கள் ஒப்புக்கொள்கின்றன. கேட்காதவரை யாரும் தாமாக முன்வருவதில்லை.

மூன்றாவது, ஒருவரின் உடல்நிலை காரணமாக மட்டுமே தேவைப்படும் பொருள்கள். தூக்கிவிடும் ஹாய்ஸ்ட், உயரம் மாற்றக்கூடிய படுக்கை, குளியல் இருக்கை போன்றவற்றை அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸோ கவுன்சிலோ வழங்க வேண்டியிருக்கும். 2014-ஆம் ஆண்டின் கேர் சட்டத்தின் கீழ் வந்த விதிகளின்படி, தேவை மதிப்பீட்டில் ஏற்கப்பட்ட உதவிச் சாதனங்களும் 1,000 பவுண்டு வரையிலான சிறு மாற்றங்களும் இலவசமாகவே தரப்பட வேண்டும். இவற்றை மூவர் செலவில் பங்கிடுவதும், அந்த ஒருவரின் சேமிப்பிலிருந்து வாங்குவதும் ஒரே அளவு தவறு.

ஒவ்வொரு முறையும் சமமாகப் பிரித்தல்

பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். வாஷிங் மெஷின் நின்றுவிடுகிறது. ஊழியர் ஒருவர் விலை பார்க்கிறார். மூன்று பேரின் கணக்கிலிருந்தும் மூன்றில் ஒரு பங்கு எடுக்கப்படுகிறது. எளிமை, வேகம், ரசீது ஒன்றே ஒன்று என்பன இதன் நிறைகள். வீட்டில் எல்லோருடைய வருமானமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, யாரும் அடிக்கடி வீடு மாறாமல் இருந்தால் இது ஓரளவு ஓடும்.

குறை தெரிய வருவது ஒருவர் வெளியேறும்போது. 420 பவுண்டு கொடுத்து வாங்கிய இயந்திரத்தில் ஒவ்வொருவரின் பங்கு 140 பவுண்டு. அது ஏழு ஆண்டுகள் உழைக்கும் என்று வைத்துக்கொண்டால், இரண்டாம் ஆண்டின் முடிவில் வெளியேறுபவரின் பங்கில் ஏழில் ஐந்து, அதாவது 100 பவுண்டு, இன்னும் பயன்படாமல் இருக்கிறது. அந்த 100 பவுண்டை யார் அவருக்குத் தருவது? அடுத்து வருபவர் தர வேண்டும் என்பது நியாயமான பதில். ஆனால் அவர் வர ஆறு மாதம் ஆகலாம், வந்தவருக்குத் தன் பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்த பொருள்களே போதுமானதாக இருக்கலாம். முன்கூட்டியே எழுதி வைக்காத வீடுகளில் அந்த 100 பவுண்டு அப்படியே கைவிடப்படுகிறது. கைவிடுபவர் அதைப் பற்றித் தானாக வாய்திறந்து கேட்கக்கூடியவராக இல்லாமல் இருப்பதுதான் இதில் என்னை மிகவும் உறுத்துவது.

காலி அறை இன்னொரு சிக்கல். மூவர் வீட்டில் ஒரு அறை மாதக்கணக்கில் காலியாக இருக்கும்போது ஃபிரிட்ஜ் பழுதானால், மீதி இருவரும் பாதிப் பாதி கொடுப்பதா? அறை காலியாக இருப்பது அவர்களுடைய செயல் அல்ல. புதியவரைத் தேர்ந்து அனுப்புவது கவுன்சிலும் பராமரிப்பு நிறுவனமும். காலி அறையின் வாடகை இழப்பை யார் ஏற்பது என்று உரிமையாளருக்கும் நிறுவனத்துக்கும் இடையே பெரும்பாலும் ஓர் ஒப்பந்தம் இருக்கும். பொருள் செலவின் மூன்றாவது பங்கையும் அந்த ஒப்பந்தத்தோடு சேர்த்துப் பேசுவதே சரி.

பொருளுக்கு ஒருவர் உரிமையாளர்

ஃபிரிட்ஜ் ஒருவருடையது, தொலைக்காட்சி இன்னொருவருடையது, சாப்பாட்டு மேசை மூன்றாமவருடையது என்று பிரித்துக்கொள்வது அடுத்த வழி. உடைமை பற்றிய குழப்பம் இதில் இல்லவே இல்லை. போகும்போது அவரவர் பொருளை அவரவர் எடுத்துப்போகலாம். இருவர் மட்டும் வாழும் வீட்டிலும், நெடுநாள் நண்பர்களாகச் சேர்ந்து குடியேறியவர்களிடமும் இது நன்றாக நடப்பதைக் காண்கிறேன். ஆனால் ஃபிரிட்ஜின் உரிமையாளர் ஒரு வெள்ளிக்கிழமை வேறு ஊருக்கு மாறினால், சனிக்கிழமை மற்றவர்களின் பால் எங்கே இருக்கும் என்ற கேள்விக்கு விடை வேண்டும். பழுதுபார்க்கும் செலவும் சிக்கலே. மூவர் பயன்படுத்தித் தேய்ந்த பொருளை ஒருவர் மட்டும் சரிசெய்ய வேண்டும் என்பது பொருந்தாது. அடுப்பு எரிவாயு அடுப்பாக இருந்தால் பாதுகாப்பும் இதில் கலக்கிறது. தான் கொடுத்த எரிவாயு சாதனங்களையே உரிமையாளர் ஆண்டுதோறும் பரிசோதிக்கக் கடமைப்பட்டவர்; குடியிருப்பவருக்குச் சொந்தமான அடுப்பு அந்தக் கடமைக்குள் வராது. ஆகவே அடுப்பை மட்டும் எந்த ஏற்பாட்டிலும் தனியாள் உடைமையாக்க வேண்டாம் என்பேன்.

நம் குடும்பங்களுக்கு இங்கே ஒரு சொல். மகன் குடியேறும் நாளில் பெரிய ரைஸ் குக்கரையும் மிக்சியையும் சோபாவையும் வாங்கிக் கொடுத்து, 'எல்லோரும் பாவிக்கட்டும், பிள்ளைகள்தானே' என்று சொல்லிவிட்டு வருவது நம்மிடையே இயல்பு. அந்த மனம் நல்லது. ஆனால் அது வீட்டுக்குக் கொடுத்த அன்பளிப்பா, மகனின் பொருளை மற்றவர்களும் பயன்படுத்த அனுமதித்ததா என்பதை அன்றே ஒரு வரியில் எழுதி மேலாளரிடம் கொடுத்துவிடுங்கள். எழுதாமல் விட்டால், அவன் வீடு மாறும் நாளில் அந்தக் குக்கர் யாருடையது என்று ஊழியர் யாராலும் சொல்ல முடியாது. இடையில் அவர்களும் மாறியிருப்பார்கள்.

பயன்பாட்டின்படி பிரித்தல்

அதிகம் பயன்படுத்துபவர் அதிகம் கொடுக்கட்டும் என்பது கேட்க நியாயமாகத் தோன்றும். நடைமுறையில் நான் இதை ஏற்பதில்லை. யார் எத்தனை முறை துணி துவைத்தார்கள், யார் எத்தனை மணி நேரம் தொலைக்காட்சி பார்த்தார்கள் என்று எண்ணத் தொடங்கினால், அந்த வீடு வீடாக இருக்காது. சிறுநீர் கட்டுப்பாடு இல்லாத ஒருவரின் படுக்கை விரிப்புகள் நாள்தோறும் இயந்திரத்துக்குப் போவதை மற்றவர்களின் குடும்பத்தார் கணக்கெடுப்பது எவ்வளவு கொடுமை என்பதை விளக்க வேண்டியதில்லை.

அதற்காக அந்தக் கூடுதல் தேய்மானத்தை மற்ற இருவர் சுமக்க வேண்டும் என்பதும் இல்லை. கவுன்சில் ஏற்கும் பராமரிப்புச் செலவில் ஒருவர் தன் பங்காக எவ்வளவு செலுத்த வேண்டும் என்று கணக்கிடும்போது அவருடைய பிப் தொகையையும் வருமானமாக எண்ணினால், உடல்நிலையால் வரும் கூடுதல் செலவுகளை அதிலிருந்து கழித்துவிட வேண்டும். கூடுதல் சலவை, சிறப்புச் சலவைத்தூள், அடிக்கடி மாற்ற வேண்டிய படுக்கை விரிப்புகள், வழக்கத்துக்கு மேலான வெப்பச் செலவு ஆகியவை அரசின் வழிகாட்டு நெறிகளிலேயே எடுத்துக்காட்டாகத் தரப்பட்டவை. எனவே அவர் பொதுச் செலவில் சற்றுக் கூடுதல் பங்கை ஒரு நிலையான தொகையாக ஏற்று, அதை இயலாமை சார்ந்த செலவாகக் கவுன்சிலிடம் காட்டினால், அவருடைய பராமரிப்புக் கட்டணம் அந்த அளவுக்குக் குறையும். அவரும் நட்டப்பட மாட்டார். ரசீதுகளைச் சேர்த்து வைத்திருப்பதும் ஆண்டு மறுமதிப்பீட்டில் மறக்காமல் எழுப்புவதும் அவசியம்.

வாராந்தரப் பொதுநிதி

ஒவ்வொருவரும் வாரம் ஒரு சிறு தொகையைப் பொதுவில் போட்டு, அதிலிருந்து சலவைத்தூள், பாத்திரம் கழுவும் திரவம், மின்விளக்கு, குப்பைப் பை போன்றவற்றை வாங்குவது பழக்கமான முறை. தீர்ந்துபோகும் பொருள்களுக்கு இதைவிடப் பொருத்தமான வழி இல்லை என்றே நினைக்கிறேன். மீதியாக நிற்பது சில பவுண்டுகளாக இருப்பதால் ஒருவர் வெளியேறும்போது தீர்ப்பதும் எளிது.

என் தம்பியின் வீட்டில் இதற்கென ஒரு நீலநிற நோட்டு இருக்கிறது. தேதி, பொருள், கடை, தொகை, ரசீது எண், மீதி என்று ஆறு கட்டங்கள். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் வாங்கிய ஊழியரின் கையொப்பமும் மறுநாள் பணியேற்கும் ஊழியரின் கையொப்பமும். ரசீதுகள் அடுத்த பக்கத்தில் எண்ணிட்டு ஒட்டப்பட்டிருக்கும். ஒரு முறை ஒரு ரசீதில் கடையின் புள்ளி அட்டை எண் அச்சாகியிருப்பதைக் கண்டு கேட்டபோது, அது ஊழியரின் சொந்த அட்டை என்று தெரிந்தது. குடியிருப்பவர்களின் பணத்துக்குக் கிடைக்கும் புள்ளிகள் குடியிருப்பவர்களுடையவை. தொகை சிறிதுதான், என்றாலும் அதுவும் பணத் துஷ்பிரயோகமாகக் கருதப்படக்கூடும். நோட்டு ஒழுங்காக இருந்ததால்தான் அது கண்ணில் பட்டது. அன்றைக்கே சரிசெய்யவும் பட்டது.

பொதுநிதியைப் பெரிய பொருள்களுக்காகச் சேமிக்கும் கருவியாக வளரவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. 1,500 பவுண்டு சேர்ந்த ஒரு பொதுநிதி யாருடைய பெயரில், எந்த வங்கிக் கணக்கில் இருக்கும்? ஊழியரின் பெயரில் இருக்கவே கூடாது. நிறுவனத்தின் கணக்கில் கலந்தால் நிறுவனம் முடங்கும் நாளில் மீட்பது கடினம். ஒரு குடியிருப்பாளரின் பெயரில் இருந்தால் அது அவருடைய சேமிப்பாகவே எண்ணப்படும். யுனிவர்சல் கிரெடிட்டில் 6,000 பவுண்டுக்கு மேல் சேமிப்பு உள்ளவரின் தொகை குறையத் தொடங்குகிறது, 16,000-ஐத் தாண்டினால் நின்றுவிடுகிறது. கவுன்சில் பராமரிப்புக் கட்டணத்தைக் கணக்கிடும்போது சேமிப்புக்கு 14,250, 23,250 பவுண்டு என்ற வேறு இரண்டு எல்லைகளைப் பார்க்கிறது. இந்த எல்லைகளுக்கு அருகில் இருக்கும் ஒருவரின் கணக்கில் மூவரின் பணத்தைப் போட்டு வைப்பது அவருக்குக் கேடு. ஆகவே பொதுநிதியின் மீதி ஒரு மாதச் செலவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்லது.

உணவையும் இதே நிதியில் சேர்க்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். உப்பு, எண்ணெய், தேநீர்த்தூள் அளவில் சேர்க்கலாம். அதற்கு மேல் வேண்டாம். சைவ உணவு மட்டும் உண்ணும் ஒருவரின் பணத்தில் கோழி வாங்கப்படுவதும், ஹலால் உண்பவரின் பணத்தில் பன்றி இறைச்சி வாங்கப்படுவதும் பொதுச் சமையல் கணக்கில் யாருடைய கவனத்துக்கும் வராமலேயே நடந்துவிடும்.

உரிமையாளர் வாங்கி, சர்வீஸ் சார்ஜில் எடுத்துக்கொள்வது

பெரிய பொருள்களைப் பொறுத்தவரை என் முதல் தேர்வு இதுதான். அடுப்பு, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், சோபா, சாப்பாட்டு மேசை ஆகியவற்றை ஹவுசிங் அசோசியேஷனே வாங்கி வைத்து, அவற்றின் விலையை உழைக்கும் ஆண்டுகளால் வகுத்து, வாடகையோடு சேர்த்து சர்வீஸ் சார்ஜாக வாங்கிக்கொள்ளும். 2006-ஆம் ஆண்டின் ஹவுசிங் பெனிஃபிட் விதிகளின் முதலாம் அட்டவணை இதற்கு இடம் தருகிறது. பொருள் பின்னர் குடியிருப்பவருக்கே சொந்தமாகிவிடும் என்று ஒப்பந்தம் இருந்தால் அந்தக் கட்டணத்தை ஹவுசிங் பெனிஃபிட் ஏற்காது; பொருள் உரிமையாளரிடமே இருந்து, குடியிருப்பவர் பயன்படுத்த மட்டும் செய்தால் ஏற்கலாம். இதனால் உடைமைச் சிக்கலும் தானாகவே நீங்கிவிடுகிறது. வெளியேறுபவர் எதையும் விட்டுச்செல்வதில்லை, வருபவர் எதையும் வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

கணக்கைப் பாருங்கள். அடுப்பு 490, ஃபிரிட்ஜ் 350, வாஷிங் மெஷின் 420, சோபாக்கள் 840, மேசை நாற்காலிகள் 280 என்று மொத்தம் 2,380 பவுண்டு ஆகிறது என்று கொள்வோம். ஏழு ஆண்டுகளுக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 340. மூவருக்குப் பிரித்தால் ஒருவருக்கு வாரம் ஏறக்குறைய 2 பவுண்டு 18 பென்ஸ். நிர்வாகக் கட்டணம் ஏதாவது சேர்ந்தாலும், முழு ஹவுசிங் பெனிஃபிட் பெறுபவரின் கையிலிருந்து இது போவதில்லை. அதே பொருள்களைச் சமபங்கில் வாங்கினால், ஒவ்வொருவரும் தன் உதவித்தொகையிலிருந்து 793 பவுண்டுக்கு மேல் தர வேண்டும்.

குறைகளும் உண்டு. சேமிப்பு 16,000 பவுண்டைத் தாண்டியவருக்கு ஹவுசிங் பெனிஃபிட் பொதுவாகக் கிடைக்காது. விபத்து இழப்பீடோ பரம்பரைச் சொத்தோ பெற்று அந்த எல்லையைத் தாண்டிய ஒருவர் அந்த வீட்டில் இருந்தால் அவர் இதை முழுவதும் தன் பணத்திலிருந்தே கட்டுவார். தொலைக்காட்சி வாடகை, அதன் உரிமக் கட்டணம் போன்ற பொழுதுபோக்குச் செலவுகளை ஹவுசிங் பெனிஃபிட் ஏற்பதில்லை; ஆகவே அவை குடியிருப்பவர்களிடமே நிற்கும். பொருளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை குறைகிறது என்பது எல்லாவற்றிலும் பெரிய குறை. தன் வீட்டின் சோபா எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று சொல்வது, ஆதரவு வீடு என்ற ஏற்பாடே எந்த உரிமைக்காக உருவானதோ அந்த உரிமையின் ஒரு பகுதி. நல்ல அசோசியேஷன்கள் விலை வரம்பைச் சொல்லிவிட்டுத் தேர்வைக் குடியிருப்பவர்களிடம் விடுகின்றன. அப்படிச் செய்வீர்களா என்று ஒப்பந்தம் இடுவதற்கு முன்பே கேட்க வேண்டும்.

இன்னொன்றையும் கண்காணிக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் சோபாவுக்கென்று கட்டணம் வசூலித்துவிட்டு, கிழிந்த சோபாவை மாற்றாமல் இருந்தால் அந்தப் பணம் எங்கே போயிற்று என்று கேட்கும் உரிமை வாடகைதாரருக்கு உண்டு. ஆண்டுதோறும் மாறும் வகைச் சர்வீஸ் சார்ஜ், நியாயமாகச் செலவிடப்பட்ட அளவுக்கே வசூலிக்கப்பட வேண்டும் என்று 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. தகராறு வந்தால் ஃபர்ஸ்ட் டியர் டிரைபியூனல் எனும் தீர்ப்பாயத்தின் சொத்துப் பிரிவுக்குப் போகலாம். நிலையான தொகையாக எழுதப்பட்ட கட்டணத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. இரண்டில் எது என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாரத் தவணையில் பொருளை எடுத்துச் சொந்தமாக்கிக்கொள்ளும் கடைகளைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். 2019 ஏப்ரல் முதல் அவற்றின் கடன் செலவு பொருளின் விலையை மீறக்கூடாது என்று நிதி ஒழுங்குமுறை ஆணையம் வரம்பு விதித்தது. அந்த வரம்புக்குள்ளேயே விலை இரட்டிப்பாகலாம் என்பதால், அதைப் பரிந்துரைக்க எனக்கு எந்தக் காரணமும் தெரியவில்லை. வீடு புதிதாகத் திறக்கப்படும்போது தொடக்கச் செலவை ஏற்குமாறு கவுன்சிலிடம் கேட்பதும், உள்ளூர் நல உதவி நிதிக்கு விண்ணப்பிப்பதும் அதைவிட நூறு மடங்கு மேல்.

கட்டண இணைப்புகள்

தொலைக்காட்சி உரிமம் 2025 ஏப்ரலில் ஆண்டுக்கு 174 பவுண்டு 50 பென்ஸ் ஆனது. எல்லோரும் ஒரே கூட்டு ஒப்பந்தத்தில் குடியிருந்தால் வீட்டுக்கு ஓர் உரிமம் போதும். அவரவருக்குத் தனி ஒப்பந்தம் இருந்தால், தன் அறையில் பார்ப்பவருக்குத் தனி உரிமம் தேவைப்படும். ஆதரவு வீடுகளில் தனி ஒப்பந்தமே வழக்கம் என்பதால், 'ஒன்று இருக்கிறதே, போதும்' என்று விட்டுவிட முடியாது. மின்சாரக் கணக்கு ஒருவர் பெயரில் மட்டும் இருந்தால் கடனுக்கும் அவர் ஒருவரே பொறுப்பாகிறார். அதேபோல 150 பவுண்டு குளிர்காலத் தள்ளுபடியான வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட் அவர் கணக்கில் வரவாகும்போது அதை மூவருக்கும் பகிர வேண்டும். யுனிவர்சல் கிரெடிட் பெறுபவர்களுக்கு பிராட்பேண்ட் நிறுவனங்கள் பலவும் குறைந்த கட்டணத் திட்டம் வைத்திருக்கின்றன.

பொருள் உடைந்தால்

மனம் கலங்கிய ஒரு நேரத்தில் குடியிருப்பவர் ஒருவர் கூடத்துத் தொலைக்காட்சியை உடைத்துவிடுகிறார். யார் கொடுப்பது? சமபங்கு வீட்டில் மற்றவர்களின் குடும்பத்தார் கோபப்படுவார்கள். சர்வீஸ் சார்ஜ் வீட்டிலும், இயல்பான தேய்மானத்துக்கு அப்பாற்பட்ட சேதத்தை உரிமையாளர் ஏற்பதில்லை என்று எழுதியிருக்கக்கூடும். உடைத்தவரிடமே வாங்கிவிடுவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. அதை நான் ஏற்கவில்லை. அவருடைய பராமரிப்புத் திட்டத்தில் இந்த நடத்தை ஏற்கெனவே பதிவாகியிருந்தால், திரைக்கு முன் பாதுகாப்புத் தகடு பொருத்துவதும், அந்த நேரத்தில் தேவையான ஊழியரை அருகில் வைத்திருப்பதும் நிறுவனத்தின் வேலை. அந்த வேலை நடந்ததா என்று பார்க்காமல் அவருடைய கணக்கிலிருந்து பணம் எடுப்பது, ஆதரவு தவறியதற்கான தண்டத்தை ஆதரவு தேவைப்படுபவரிடம் வாங்குவதாகும். வீட்டுப் பொருள்களுக்கான காப்பீடு எடுக்கும்போது தற்செயல் சேதம் அதில் அடங்குகிறதா என்று பார்த்து, அந்தக் கட்டணத்தைப் பொதுச் செலவில் சேர்ப்பது இத்தகைய நேரங்களில் உதவும். உரிமையாளரின் கட்டடக் காப்பீடு குடியிருப்பவரின் பொருள்களைக் காக்காது.

யார் முடிவெடுப்பது

மேலே சொன்ன எந்த ஏற்பாட்டையும் வீட்டுக்கு மொத்தமாக நிறுவனம் அறிவிக்க முடியாது. 2005-ஆம் ஆண்டின் மென்டல் கபாசிட்டி சட்டத்தின்படி, ஒருவரால் முடிவெடுக்க முடியாது என்று நிறுவப்படும்வரை முடியும் என்றே கொள்ள வேண்டும்; அதுவும் முடிவுக்கு முடிவு தனித்தனியாகப் பார்க்கப்பட வேண்டும். வாரம் 5 பவுண்டு பொதுவில் போடுவதைப் புரிந்துகொள்பவர், ஏழாண்டுச் சர்வீஸ் சார்ஜைப் புரிந்துகொள்ளாமல் இருக்கலாம். படங்களோடும் உண்மையான நாணயங்களோடும் விளக்கினால் புரிபவர்கள் பலர். முடியாதபோது மட்டுமே, அவருடைய நலனுக்கு எது சிறந்தது என்று மற்றவர்கள் கலந்து முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவு அந்த ஒருவருக்கானதாக இருக்க வேண்டும். வீட்டின் வசதிக்கானதாக இருந்துவிடக் கூடாது.

அப்பாயின்டீ பராமரிப்பு நிறுவனமாகவே இருக்கும் வீடுகளில் கூடுதல் கவனம் தேவை. எதை வாங்குவது என்று முடிவெடுப்பவரும், பணத்தை எடுப்பவரும், பொருளைத் தானும் பயன்படுத்துபவரும் ஒருவராகிவிடுகிறார்கள். அங்கே குறிப்பிட்ட தொகைக்கு மேல், 100 பவுண்டு என்று வைத்துக்கொள்ளலாம், எந்தப் பொதுச் செலவுக்கும் குடும்பத்தினரோ கவுன்சிலின் சோஷியல் வொர்க்கரோ குடியிருப்பவரின் சார்பில் பேசும் அட்வகேட்டோ (வழக்கறிஞர் அல்ல) எழுத்தில் ஒப்புதல் தர வேண்டும் என்ற விதியைக் கேட்டு வாங்குங்கள்.

இதுவரை எதுவும் எழுதப்படாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வீட்டில் இருப்பவர்கள், பழைய கணக்கைக் கிளறித் தொடங்க வேண்டியதில்லை. கூடத்திலும் சமையலறையிலும் உள்ள பொருள்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் வாங்கிய ஆண்டையும், பணம் கொடுத்தவர்கள் பெயரையும், தெரியாவிட்டால் தெரியவில்லை என்பதையும் குறித்து, மேலாளரின் கையொப்பத்தைப் பெற்றுவிடுங்கள். அடுத்துப் பழுதாகும் பொருளிலிருந்து புதிய ஏற்பாட்டைத் தொடங்கலாம். சர்வீஸ் சார்ஜில் சேர்க்க ஹவுசிங் அசோசியேஷன் ஒப்புக்கொண்டால், பெரும்பாலும் ஏப்ரலில் வரும் ஆண்டு வாடகை மாற்றத்தோடு அது நடைமுறைக்கு வரும் என்பதால், கோரிக்கையை அதற்கு முந்தைய இலையுதிர்காலத்திலேயே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும்.